சறுக்குமரத்தடியில் தங்கம் கிடக்கும், தெரியுமா?

சறுக்குமரத்தில் தலைகீழாக வழுக்கி வரும் பையனின் பாக்கெட்டிலிருந்து என்னவெல்லாம் கொட்டும் என்று யோசித்ததுண்டா? அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அதை யோசிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள் பலர்! கையில் நீளக் கம்பு, அதன் நுனியில் வட்டமாக ஒரு கம்பிச்சுருள், காதில் ஹெட்போன். விடிந்தும் விடியாததுமாகப் பூங்காவுக்குள் நுழைந்து, பிள்ளைகள் வருவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

அந்தக் கம்புதான் மெட்டல் டிடெக்டர். அது வேலை செய்யப் போன முதல் பெரிய இடம் வெள்ளை மாளிகை, தெரியுமா? 1881 ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். குண்டு உடம்புக்குள் எங்கே நிற்கிறது என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல், உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவியோடு வந்து சேர்ந்தார். வைத்த இடமெல்லாம் சத்தம்! பார்த்தால், மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகள். போதாக்குறைக்கு, தலைமை டாக்டர் வலது பக்கத்தை மட்டும்தான் தேடவிட்டார். குண்டோ இடது பக்கம் இருந்தது. செப்டம்பர் 19-இல் கார்ஃபீல்டு இறந்துபோனார்.

பெல்லுக்கு வந்த அதே தொல்லை இன்றும் பூங்காவில் தேடுகிறவர்களுக்கு உண்டு. மெத்தைக் கம்பிக்குப் பதில் ஊஞ்சல் தூண்! கிட்டே போனாலே கருவி அலறும். ஆனால் காசு நிறைய விழுவதும் அங்கேதானே? அதனால் பெரிய சுருளைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒன்றை மாட்டுகிறார்கள், உணர்திறனைக் குறைக்கிறார்கள், தூணை நோக்கி வீசாமல் தூணுக்குப் பக்கவாட்டிலேயே மெதுவாக நகர்த்துகிறார்கள். தூணின் சத்தம் ஒரே சீராக இருக்கும். காசின் சத்தம் அதற்கு நடுவில் சட்டென்று துள்ளும்.

கருவிக்குத் தங்கம் எது, அலுமினியம் எது என்று தெரியவே தெரியாது, தெரியுமா? சுருளில் ஓடும் மின்சாரம் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. உலோகம் எதிர்ப்பட்டால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பி, பதிலுக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. இன்னொரு சுருள் அதைப் பிடிக்கிறது. பதில் எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதை வைத்துக் கருவி ஒரு எண்ணைக் காட்டும். இரும்புக்குக் கீழ் எண், வெள்ளிக்கு மேல் எண். இரண்டுக்கும் நடுவில்தான் வேடிக்கையே இருக்கிறது.

அந்த வேடிக்கைக்குக் காரணம் பானக் கேன். அமெரிக்காவின் ஒஹையோவைச் சேர்ந்த எர்மல் ஃப்ரேஸ் 1959-இல் ஒரு பிக்னிக்குப் போனார். கேனைத் திறக்க ஓப்பனர் இல்லை. கார் பம்பரில் இடித்துத் திறக்க வேண்டியதாயிற்று. அந்த எரிச்சலில் பிறந்ததுதான், வளையத்தைப் பிடித்து இழுத்தால் மூடி பிய்ந்து வரும் கேன்! 1960-களில் அமெரிக்கா முழுக்கப் பரவியது. குடித்தவர்கள் வளையத்தை எங்கே போட்டார்கள்? புல்லில்தான். கேனோடு ஒட்டியே இருக்கும் வளையத்தை டேனியல் கட்ஸிக் 1975-இல் கொண்டுவருவதற்குள் பூங்கா மண்ணெல்லாம் அலுமினிய வளையம். அந்த வளையத்துக்கும், அமெரிக்க 5 சென்ட் காசுக்கும், தங்க மோதிரம் பலவற்றுக்கும் கருவி காட்டும் எண் கிட்டத்தட்ட ஒன்றே! குப்பை வேண்டாம் என்று அந்த எண்ணை அடைத்துவைத்தால் மோதிரமும் அதோடு போய்விடும். என்னைக் கேட்டால், கருவியின் விலையைவிடச் சலிக்காமல் வளையம் தோண்டுகிற பொறுமைக்குத்தான் தங்கம் கிடைக்கிறது.

வெள்ளி அப்படி ஏமாற்றாது. 1964 வரையிலான அமெரிக்க 10 சென்ட், 25 சென்ட் காசுகளில் 90 சதவீதம் வெள்ளி. உயர்ந்த சுருதியில் தெளிவாக ஒரு மணிச்சத்தம், எந்தப் பக்கத்திலிருந்து வீசினாலும் மாறாமல் கேட்கும். பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் கிடந்தாலும், விரலால் தேய்த்தவுடன் விளிம்பு பளிச்சென்று தெரியும். 1982-க்குப் பிந்தைய 1 சென்ட் காசோ, மேலே செம்புப் பூச்சு, உள்ளே துத்தநாகம். சில ஆண்டுகளிலேயே ஓரம் அரித்து, ஓட்டை விழுந்து, வெள்ளைப் பொடி உதிரும்.

சரி, மேலே விழுந்த காசு உள்ளே எப்படிப் போனது? மண்புழு! கீழ் மண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து எச்சமாகத் தள்ளிக்கொண்டே இருந்தால், மேலே கிடக்கும் பொருள் தானாகக் கீழே இறங்கும்தானே? இதை ஆராய்ந்து சார்லஸ் டார்வின் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். வெளியான ஆண்டு 1881! பெல் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்த அதே ஆண்டு! இங்கிலாந்தின் பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேல் மண் புழுக்களின் வயிற்றுக்குள் போய் வருகிறது என்று கணக்குச் சொன்னார். ஸ்டோன்ஹெஞ்சுக்கே போய், விழுந்து கிடக்கும் கற்கள் புழுக்களால் எவ்வளவு அமிழ்ந்திருக்கின்றன என்று பார்த்துவந்தவர் அவர்.

ஆழத்தில் இருப்பதைப் பிடிக்க, வீச்சு ஒழுங்காக இருக்க வேண்டும். வாசல் பெருக்குகிற மாதிரி இரு ஓரத்திலும் கையைத் தூக்கினால், மேலே தூக்கிய 5 செ.மீ.யும் மண்ணுக்குள் நஷ்டம். தரையை ஒட்டி, மட்டமாக, மெதுவாக, முந்தின வீச்சின் மேல் பாதி ஏறும்படி போக வேண்டும். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் நாளில் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்கும் என்பார்கள்.

இந்தக் கலையின் நுட்பமே தோண்டிய இடம் தெரியாமல் மூடுவதில் இருக்கிறது, தெரியுமா? புல்தரையில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காவது பக்கத்தை வேரோடு விட்டு, புல்லைக் கதவைத் திறப்பது போல மடக்குகிறார்கள். மண்ணை எடுத்துத் துணியில் வைக்கிறார்கள், ஒரு பருக்கை புல்லில் சிந்தக் கூடாது! பேனா டார்ச் அளவுள்ள இன்னொரு சின்ன டிடெக்டர் குழிக்குள் அதிர்ந்து இடத்தைக் காட்டும். காசை எடுத்த பிறகும் குழியை ஒருமுறை துழாவுவார்கள். ஒரு பாக்கெட்டிலிருந்து விழுந்தது ஒரு காசோடு நின்றிருக்குமா? பிறகு மண், மேலே புல், காலால் ஒரு அழுத்து, கோடையானால் கொஞ்சம் தண்ணீர். விளையாட்டுத் திடல் மணலில் இந்த வேலையெல்லாம் இல்லை, சல்லடைக் கரண்டி போதும். கெட்டிக்காரர்கள் பழைய வான்படங்களைத் தேடி, நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன் ஊஞ்சல் எங்கே நின்றது என்று பார்த்து, இன்று வெறும் புல்லாகத் தெரியும் அந்த மூலைக்குப் போகிறார்கள்!

புதுக் காசுகள் வேறு தலைவலி. இங்கிலாந்தின் 1 பென்னி, 2 பென்ஸ் காசுகள் 1992 முதல் செம்பு பூசிய எஃகு. நம்முடைய 1 ரூபாய், 2 ரூபாய்க் காசுகளும் காந்தத்தில் ஒட்டும் எவர்சில்வர் ரகம். இரும்பை ஒதுக்கும்படி வைத்த கருவி இவற்றையும் சேர்த்தே ஒதுக்கிவிடலாம்.

எல்லாப் பூங்காவிலும் இறங்கிவிட முடியாது. நியூயார்க் நகரப் பூங்காக்களில் அனுமதிச் சீட்டு வேண்டும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குள் கருவியைப் பயன்படுத்தினாலே குற்றம். நம் நாட்டிலோ 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது: மண்ணில் மறைந்திருந்து கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால், கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும்!