வாங்கியவர் பக்கம் – 14: மாவு மில்லும் வராத கிரைண்டரும்

ஆர்டர் எண், ரசீது, டெலிவரி தேதி காட்டும் ஸ்கிரீன்ஷாட், இவற்றை ஏன் அழிக்கக் கூடாது என்று சென்ற வாரம் பார்த்தோம். அது நினைவிருந்தால் போதும். இந்த வாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதும் முறையைச் சொல்வதாக இருந்தேன். அதற்குள் ஒரு கடிதம் வந்து என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எழுதியவர் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு விற்கும் பெண்மணி. பழைய கிரைண்டர் சிறியது. தள்ளுபடி விற்பனையில் பெரிய டில்டிங் கிரைண்டர் ஒன்றை 18,500 ரூபாய்க்கு ஆன்லைனில் ஆர்டர் செய்து முழுப் பணமும் கட்டிவிட்டார். சொன்ன தேதியில் வரவில்லை. இரண்டு முறை தேதி மாறியது. 'டெலிவரிக்குப் புறப்பட்டது' என்றுகூட ஒரு நாள் காட்டியது. கடைசியில் ஆர்டரை விற்பனைத் தளத்தாரே ரத்து செய்து பணத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். அதே மாடல் இப்போது 23,000 ரூபாய். பெரிய கிரைண்டரை நம்பி ஒரு ஹாஸ்டலுக்குத் தினமும் மாவு தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அந்த வாய்ப்பும் கைநழுவிவிட்டது. "பணம்தான் வந்துடுச்சே, அப்புறம் என்ன கேக்கப் போறேன்னு வீட்டுக்காரர் சொல்றார். நிஜமாவே ஒண்ணும் கேக்க முடியாதா சார்?" என்று முடித்திருந்தார்.

கேட்க முடியும் அம்மா. திரும்பி வந்தது உங்கள் பணம். அவர்கள் கையில் சில வாரங்கள் இருந்துவிட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். வாக்குத் தவறியதற்கான ஈடு அதில் ஒரு பைசாகூட இல்லை. ரீஃபண்ட் வந்ததும் கணக்கு தீர்ந்தது என்று நம் ஊரில் எத்தனையோ பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். எனக்குப் பொறுக்க முடியாத விஷயம் இது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ஐச் சேர்ந்தது. அதன் 73-ஆவது பிரிவுதான் ஒப்பந்தத்தை மீறியவர் எவ்வளவு ஈடு தரவேண்டும் என்று சொல்கிறது. பிரிவு சின்னது. அதன் கீழே வரிசையாக உதாரணங்கள் இருக்கின்றன. இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த உதாரணங்கள் மேல் எனக்குள்ள பிரியம் தெரியும். முதல் உதாரணமே சரக்கு அனுப்பாத வியாபாரியைப் பற்றியது. 50 மணங்கு வெடியுப்பு விற்பதாக ஒப்புக்கொண்டவர் வாக்குத் தவறுகிறார். அதே தரமுள்ள வெடியுப்பை, அது வந்து சேர்ந்திருக்க வேண்டிய நாளில் வெளியே வாங்கியிருந்தால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்குமோ, அந்த வித்தியாசம் வாங்குபவருக்குச் சேரவேண்டும். வெடியுப்பை எடுத்துவிட்டு கிரைண்டரை வையுங்கள். டெலிவரி தேதியில் வெளிக்கடையில் அதே மாடல் 23,000 விற்றிருந்தால், 4,500 ரூபாய் உங்களுடையது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் 57-ஆவது பிரிவில், சரக்கை ஒப்படைக்காத விற்பனையாளர் மேல் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம் என்கிறது.

அந்த உதாரணங்களிலேயே ஒரு மில்லும் வருகிறது. ஒருவர் தன் மில்லுக்கு ஒரு இயந்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிச் சரக்கு ஏற்றிச் செல்பவரிடம் கொடுக்கிறார். 'இது இல்லாமல் மில் நின்று கிடக்கிறது' என்பதையும் சொல்லிவிடுகிறார். சரக்கு தாமதமாகிறது. அந்த இடைவெளியில் அவருக்கு வரவிருந்த ஒரு அரசாங்க ஒப்பந்தம் போய்விடுகிறது. மில் ஓடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய சராசரி லாபம் அவருக்கு உண்டு. அரசாங்க ஒப்பந்தம் போன நஷ்டம் கிடையாது என்கிறது சட்டம். மாவு விற்கும் அம்மாவின் கடிதத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவருடைய ஹாஸ்டல்தான் இந்த மில்காரரின் அரசாங்கம்.

இந்த மில் சட்டத்துக்குள் எப்படி வந்தது என்று தேடியதில்தான் இந்த வாரம் முழுக்கப் போய்விட்டது.

இங்கிலாந்தில் க்ளாஸ்டர் என்ற ஊர். ஹாட்லி குடும்பத்தார் அங்கே நீராவி இயந்திரத்தில் ஓடும் மாவு மில் நடத்தினார்கள். 1853 மே மாதம் இயந்திரத்தின் கிராங்க் ஷாஃப்ட் உடைந்து மில் நின்றது. புது ஷாஃப்ட் செய்ய வேண்டுமானால் உடைந்ததையே மாதிரியாக கிரீனிச்சில் உள்ள பட்டறைக்கு அனுப்ப வேண்டும். பிக்ஃபோர்டு என்ற சரக்குக் கம்பெனியிடம் கொடுத்தார்கள். கூலி 2 பவுண்டு 4 ஷில்லிங். மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும் என்றது கம்பெனி. போய்ச் சேரவில்லை. மில் கூடுதலாகப் பல நாள் சும்மா கிடந்தது. ஹாட்லி குடும்பத்தார் 300 பவுண்டு கேட்டு வழக்குப் போட்டார்கள். கம்பெனி சார்பில் பிரதிவாதியான பேக்ஸன்டேல் 25 பவுண்டை நீதிமன்றத்தில் கட்டினார். ஜூரிகள் அதற்கு மேல் இன்னொரு 25 கொடுக்கச் சொன்னார்கள். மேல்விசாரணையில், 1854 பிப்ரவரியில், நீதிபதி ஆல்டர்சன் அதை ஏற்காமல் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். அவர் வகுத்த விதி இன்றுவரை நிற்கிறது. வாக்குத் தவறினால் சாதாரணமாக என்ன நஷ்டம் வருமோ அதற்கு ஈடு உண்டு. சாதாரணமாக வராத நஷ்டமென்றால், ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்தால்தான் உண்டு. மில்காரர் மாற்று ஷாஃப்ட் ஒன்று வைத்திருக்கலாமே, இது இல்லாமல் மில்லே நின்றுவிடும் என்று வண்டிக்காரருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார் ஆல்டர்சன்.

வேடிக்கை இனிமேல்தான். அந்த வழக்கு அச்சான அறிக்கையின் தலைக்குறிப்பில், மில்காரரின் ஆள் கம்பெனி குமாஸ்தாவிடம் 'மில் நின்றுவிட்டது, உடனே அனுப்ப வேண்டும்' என்று சொன்னதாக இருக்கிறது. தீர்ப்பிலோ, உடைந்த மில் ஷாஃப்ட் என்பதும் அவர்கள் மில்காரர்கள் என்பதும் மட்டுமே தெரிவிக்கப்பட்டன என்று இருக்கிறது. ஒரே அறிக்கைக்குள் இப்படி முட்டிக்கொள்வதைச் சட்டம் படித்தவர்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கவுன்ட்டரில் வாயால் சொன்ன ஒரு வாக்கியம். அது ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்டிருந்தால் ஹாட்லியின் வழக்கு வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

பிக்ஃபோர்டு தரப்பில் வாதாடிய வக்கீல்களில் ஒருவர் வில்ஸ். பிறகு நீதிபதியானார். 1861-ல் இந்தியாவுக்குச் சட்டங்கள் வரைய லண்டனில் அமைத்த ஆணையத்தில் ரோமிலி பிரபுவோடு இவரும் ஓர் உறுப்பினர். நமது ஒப்பந்தச் சட்டத்தின் முதல் வரைவு அந்த ஆணையத்திலிருந்துதான் வந்தது. க்ளாஸ்டர் மில்லுக்கு எதிராக நின்று வாதாடியவர், அந்த வழக்கின் விதியை நம் நாட்டுச் சட்டமாக்கிய குழுவில் இருந்திருக்கிறார்! நம் சட்டத்து உதாரணத்தில் மில்காரர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறார், லாபமும் பெறுகிறார். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிக்ஃபோர்டு கம்பெனி இன்றும் இங்கிலாந்தில் வீட்டுச் சாமான் இடம் மாற்றும் தொழிலில் இருக்கிறது.

சரி, மாவு அம்மாவுக்கு வருவோம். உங்களுக்கு மூன்று நஷ்டம். விலை வித்தியாசம் கேட்கலாம், தயங்க வேண்டாம். அரைக்க முடியாத நாட்களின் வருமானம், நீங்கள் முன்பே சொல்லியிருந்தீர்களா என்பதைப் பொறுத்தது. 'விற்பனைக்கு மாவு அரைக்க வாங்குகிறேன், இந்தத் தேதிக்குள் வேண்டும்' என்று பணம் கட்டுவதற்கு முன்னால் சாட்டிலோ மெயிலிலோ கேட்டிருந்தால், அந்த உரையாடல்தான் உங்கள் துண்டுச் சீட்டு. தேடிப் பாருங்கள். ஹாஸ்டல் ஒப்பந்தம் போன நஷ்டத்துக்கு ஈடு கிடைப்பது கடினம். அதையும் பெயர் சொல்லி முன்கூட்டியே எழுதியிருந்தால்தான் பேச இடம் இருக்கும்.

வாசகர்கள் எல்லோருக்கும் இதையே சொல்கிறேன். கல்யாணப் புடவையோ, வேலை சார்ந்த லேப்டாப்போ, கடைக்கு வேண்டிய ஃப்ரீசரோ, தேதி தப்பினால் என்ன ஆகும் என்பதை ஆர்டர் போடும்போதே ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். அந்த ஒரு வரிக்கு இருக்கும் பலம், பிறகு போடும் ஐம்பது கோப மெயில்களுக்கு இல்லை.

இன்னொன்று. நஷ்டம் பெருகட்டும் என்று கைகட்டி உட்காரக் கூடாது. குறைக்க என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது அதே 73-ஆவது பிரிவு. முடிந்தால் அதே மாடலை வேறு கடையில் உடனே வாங்கி, பில்லை வைத்துக்கொள்ளுங்கள். விலை வித்தியாசத்துக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

'வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் ஆகமாட்டீர்கள்' என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். சொந்த உழைப்பில் வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளக்கமே கொடுத்திருக்கிறது. அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும்கூடக் கேட்கலாம். 1993-ல் லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் உச்ச நீதிமன்றம், நுகர்வோர் சட்டத்தில் இழப்பீடு என்பது பரந்த பொருளுடையது, மன வேதனையும் அதில் அடங்கும் என்று சொல்லிவிட்டது. க்ளாஸ்டர் மில்காரருக்கு இந்த வாய்ப்பு இருந்ததில்லை.

முதலில் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதற்கிடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்து வையுங்கள். அப்படியும் நகராவிட்டால் மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

மனுவின் வாசகம், பிரமாணப் பத்திரம், இணைக்க வேண்டிய ஆவணங்கள், இவற்றை அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன். 'நாங்கள் வெறும் சந்தைத் தளம், விற்றது வேறொருவர்' என்று கம்பெனி சொல்லும் பதிலையும், 'சரக்கு புறப்பட்டால்தான் ஒப்பந்தம்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் நிபந்தனையையும் அதோடு சேர்த்துப் பார்க்கலாம். அந்த அம்மா அதற்குள் ஆர்டருக்கு முந்தைய சாட் முழுவதையும் தேதி தெரிகிற மாதிரி படமெடுத்து வைக்கட்டும்.