வாளையாற்றில் ஒரு வரைபட ஆட்டம்

திண்ணையிலும் கோயில் கல்தளத்திலும் கோடு கீறி ஆடுபுலி ஆடிய மரபு நம்முடையது. புலி மூன்று, ஆடு பதினைந்து. புலியை நகர்த்துபவர் சற்று நேரம் புலியாகவே மாறிவிடுகிறார். ஆடுகளை நகர்த்துபவரோ கூடி நின்று வழிமறிக்கும் மந்தையின் மனத்தைப் பெறுகிறார். ஆயினும் இருவரும் அம்மனத்தை வாய் திறந்து பேசுவதில்லை. பேச்சையே ஆட்டமாக்கிய வகையொன்று 1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அச்சேறியது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இயற்றிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அது. ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் தம்மைப் பாவித்துக்கொண்டு, "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்லியே ஆடுவர். வேடம் கட்டாத கூத்து என்றால் பெரும்பாலும் பொருந்தும்.

அவ்வகையைச் சேர்ந்ததாயினும் பலர் அறியாத ஓர் ஆட்டத்தை இங்கே அறிமுகம் செய்ய விரும்புகிறோம். 'தி குவையட் இயர்' என்பது அதன் பெயர். தமிழில் 'அமைதி ஆண்டு' எனலாம். கனடா நாட்டைச் சேர்ந்த ஏவரி ஆல்டர் இயற்றி 2013 இல் வெளிவந்தது. இதில் அரக்கன் இல்லை. கதை நடத்துபவர் இல்லை. தனி ஆளாக எவரும் வேடம் ஏற்பதும் இல்லை. எல்லாரும் சேர்ந்து ஓர் ஊராகிறார்கள். நாகரிகம் குலைந்தபின் எஞ்சிய சிறு கூட்டம் ஒன்று, பகைவருடன் நெடுநாள் போரிட்டு அவர்களை விரட்டியிருக்கிறது. ஓராண்டு அமைதி கிடைத்திருக்கிறது. அதற்குள் ஊரைக் கட்டியெழுப்ப வேண்டும்.

நாம் இதனை ஆடிப் பார்த்த இடம் வாளையாறு. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் நெடுஞ்சாலையில் கேரளத்தின் வாயில் அது. 1956 நவம்பர் 1 ஆம் நாளுக்கு முன் இவ்வாயிலின் இரு பக்கமும் சென்னை மாநிலமே. அன்றைக்குப் பின், ஒரே சாலையில் சந்தைக்குப் போய் வந்தவர்கள் இரு மாநிலத்தவர் ஆனார்கள். எல்லையோரத் தமிழ்க் குடும்பங்கள் வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் பேசுவன. இடுக்கி மலைத் தோட்டங்களிலும் ஏறத்தாழ இதுவே நிலை. தம்மைக் கேளாமலே தம் ஊரைப் பற்றிய முடிவுகள் எங்கோ எடுக்கப்படுகின்றன என்னும் எண்ணம் எல்லையில் வாழ்வோருக்கு எளிதில் வரும். தில்லியிலும் மும்பையிலும் வாழும் அன்பர்களுக்கும் அவ்வெண்ணம் புதிதன்று என்று கருதுகிறோம். இந்த ஆட்டம் அந்த இடத்தைத்தான் தொடுகிறது.

வேண்டிய பொருள்கள் சிலவே. ஒரு பெரிய வெள்ளைத் தாள், பென்சில், ஒரு கட்டுச் சீட்டு, ஆறு சிறு பகடைகள், இருபது புளியங்கொட்டைகள், விதிப்புத்தகம். இருவர் முதல் நால்வர் வரை ஆடலாம். மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். முதலில் ஒவ்வொருவரும் ஆறோ குன்றோ ஒன்றைத் தாளில் வரைவர். பின் ஊருக்கு இன்றியமையாத ஒரு பொருளை ஒவ்வொருவரும் சொல்வர். அவற்றுள் ஒன்று மட்டுமே மிகுதி, ஏனையவை பஞ்சம். எது மிகுதி என்று கூடி முடிவு செய்ய வேண்டும்.

ஐம்பத்திரண்டு சீட்டும் ஐம்பத்திரண்டு வாரங்கள். நான்கு இனச் சீட்டும் நான்கு பருவங்கள். மேலைநாட்டு வசந்தமும் இலையுதிர்காலமும் பாலக்காட்டுக் கணவாய்க்குப் பொருந்தாமையால், நாம் கோடை, ஆடிக்காற்று, ஐப்பசி மழை, பனி என்று மாற்றிக்கொண்டோம். தம் முறை வந்தவர் ஒரு சீட்டை எடுத்து, அதற்குரிய செய்தியைப் புத்தகத்தில் பார்த்து ஊரில் நடந்ததாகச் சொல்வர். பின் மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கலாம்; ஒரு பணியைத் தொடங்கி, அதற்கு ஆகும் வாரங்களைப் பகடையால் குறிக்கலாம்; அல்லது ஊர்ப் பேச்சு ஒன்றைக் கூட்டலாம். அப்பேச்சில் ஒவ்வொருவரும் ஒரு முறை, ஓரிரு வாக்கியமே பேசலாம். மறுமொழி இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. நம் ஊர்க் கூட்டங்களை அறிந்தவர்க்கு இவ்விதி எத்துணைக் கடினம் என்பது விளங்கும்!

புளியங்கொட்டை எதற்கு என்றால், பிறர் முறையில் நாம் குறுக்கே பேசலாகாது. நம்மைக் கேளாமல் ஒன்று நடந்துவிட்டதாகத் தோன்றினால், ஒரு கொட்டையை எடுத்து நம் முன்னே வைத்துக்கொள்ளலாம். அவ்வளவே. ஆங்கில மூலத்தில் இதற்கு இட்ட பெயரை அகராதிப்படி பெயர்த்தால் 'இகழ்ச்சி' என்றோ 'அவமதிப்பு' என்றோ வரும். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இரண்டும் நிறைவளிக்கவில்லை. கூட ஆடிய அம்மையார் ஒருவர், "மனத்தாங்கல் என்று சொன்னால் என்ன?" என்றார். அதற்கு மேல் தேட வேண்டியிருக்கவில்லை.

நால்வர் ஆடினோம்: ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர், அவர் மருமகளாகிய அவ்வம்மையார், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பேத்தி, நாம். மிகுதியாகக் காற்றைத் தேர்ந்தோம். கணவாயில் வாழ்வோர் வேறெதைத் தேர்வர்? தண்ணீர் பஞ்சமாயிற்று. பெரியவர் ஒற்றைப் பனைமரம் ஒன்றை வரைந்து, போரில் இறந்தவர்களை அதனடியில் புதைத்ததாகச் சொன்னார். ஆடிக்காற்றுப் பருவத்தில் பேத்தி அம்மரத்தடியிலேயே பள்ளிக்கூடம் கட்டத் தொடங்கினாள், பகடை ஆறு. தாத்தா ஒரு கொட்டையை எடுத்துத் தம் முன்னே வைத்தார். தம் முறை வந்தபோதும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிணறு தூர்வாரும் பணியைத் தொடங்கினார்.

மீண்டும் அவள் முறை வந்தபோது பள்ளிப் பகடை இரண்டில் நின்றது. அவள் அக்கொட்டையை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, புதிய பணி எதுவும் தொடங்காமல் ஊர்ப் பேச்சைக் கூட்டினாள். "பனையடியில் இருப்பவர்களைப் பற்றி நான் யாரையும் கேட்கவில்லை. பள்ளியை ஆற்றங்கரைக்கு மாற்றட்டுமா, தாத்தா?" பெரியவர் தம் ஒரு வாக்கியத்தைச் சொன்னார்: "அங்கேயே இருக்கட்டும் அம்மா, சுவரில் அவர்கள் பேரை எழுதி வை." கொட்டை பொதுக் குவியலுக்குத் திரும்பிற்று. ஊரின் பதற்றம் தணிந்ததாகக் கருதினால் அவ்வாறு திருப்பி வைக்க விதி இடம் தருகிறது.

இஸ்பேட் ராஜா வந்தவுடன் ஆட்டம் முடிந்துவிடும். 'உறைபனி மேய்ப்பர்' வந்து சேர்கிறார்கள் என்பது மட்டுமே செய்தி. அவர்கள் யார் என்று புத்தகம் சொல்வதில்லை. மூணாற்றில் மார்கழி, தை மாதங்களில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனியை அறிந்தவர்க்கு அப்பெயரே போதும். வாளையாற்றில் நாம்தான் விளக்க வேண்டியிருந்தது. எங்கள் ராஜா பனிப்பருவத்தின் மூன்றாம் வாரத்திலேயே வந்துவிட்டார். ஐப்பசியில் அம்மையார் தொடங்கிய தானியக் கிடங்கு இன்னும் கூரை காணவில்லை.

"அப்புறம் என்ன ஆயிற்று?" என்று பேத்தி கேட்டாள். விதிப்படி அதைச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. பெரியவர் தாளைச் சுருட்டி, நூல் கொண்டு கட்டி, குடும்ப அட்டை வைத்திருந்த அலமாரியில் வைத்துப் பூட்டினார்.