ஒரு கிண்ணம் சோறு யாருடையது? தைபேயின் சின்னக் கடையில் பரிமாறப்படும் தைவான் வரலாறு

மதியம் 12 மணி. தைவான் தலைநகர் தைபேயில் ஆபிஸ் கட்டிடங்களில் இருந்து, கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க ஒரு கூட்டம் இறங்கி வருகிறது. அதில் பலர் போவது பெரிய ரெஸ்டாரண்டுக்கு அல்ல. பக்கத்துச் சந்தில் இருக்கும் ஏழெட்டு மேசை போட்ட ஒரு கடைக்கு. அடுப்பு கடை வாசலிலேயே இருக்கும். பெரிய பானையில் கரும்பழுப்பு நிறத்தில் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கும். உள்ளே சாய்ந்து உட்கார முடியாத ஸ்டூல்கள், சுவரில் விலைப்பட்டியல், மேசைக்கு மேசை டிஷ்யூ பெட்டி. அவ்ளோதான் அலங்காரம்.

இந்த மாதிரி கடைகளில் கிடைப்பதற்கு தைவானில் 'ஷியாவ்ச்சி' என்று பெயர். 'சின்னச் சாப்பாடு' என்று பொருள். அந்தச் சின்னச் சாப்பாடுகளிலேயே ரொம்பச் சாதாரணமானது, பானையில் கொதிக்கும் அந்த பன்றிக்கறிக் குழம்பைச் சோற்றின் மேல் ஊற்றித் தரும் 'லு ரோ ஃபான்'. 2011-ல் இந்த ஒரு கிண்ணம் சோற்றுக்காக தைபே மாநகராட்சியே களத்தில் இறங்கி, மேயர் தலைமையில் 1,000 கிண்ணங்களை மக்களுக்கு இலவசமாகக் கொடுத்தது.

அப்படி என்ன நடந்தது? அதற்கு முதலில் கடைக்குள் போய் உட்கார வேண்டும்.

உள்ளே போனதும் என்ன கேட்பார்கள்?

'நெய் யோங்?' அல்லது 'வாய் தாய்?' இரண்டே கேள்விதான். முதலாவது 'இங்கேயே சாப்பிடுறீங்களா?', இரண்டாவது 'பார்சலா?'. கேட்பவர் பெரும்பாலும் கல்லாவில் இருக்கும் 'லாவ்பான்நியாங்'. நம் ஊரில் 'முதலாளியம்மா' என்று சொல்வோமே, அச்சு அசல் அதே சொல். வாடிக்கையாளர் இளைஞராக இருந்தால் 'ஷுவாய்கே' என்று கூப்பிடுவார்கள். 'அழகுத் தம்பி' என்று வைத்துக்கொள்ளலாம். உடனே கண்ணாடியைத் தேட வேண்டாம், எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பல கடைகளில் மெனு என்பது ஒரு துண்டுச்சீட்டு. கூடவே ஒரு பேனா. வேண்டியதற்கு நேரே எத்தனை கிண்ணம் என்று எழுதி, மேசை எண்ணைக் குறித்துக் கொடுத்துவிட வேண்டும். யாரும் மேசைக்கு வந்து ஆர்டர் எடுக்க மாட்டார்கள். தொட்டுக்கொள்ள சின்னத் தட்டுகள் கண்ணாடி அலமாரியில் இருக்கும்: சோயா சாஸில் ஊறிய முட்டை, டோஃபு, கடல்பாசி, வேர்க்கடலை. வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம், எடுத்த தட்டுக்குக் காசு. சாப்ஸ்டிக், ஸ்பூன் எல்லாம் மேசையிலோ ஓரத்திலோ இருக்கும்.

கூட்டமாக இருந்தால் உங்கள் மேசையில் முன்பின் தெரியாதவர் வந்து உட்காருவார். பேச வேண்டியதில்லை. சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிட வேண்டும், அதுதான் மரியாதை. டிப்ஸ் பழக்கம் கிடையாது. கார்டு எடுக்காத கடைகள் இன்னும் நிறைய இருப்பதால் கையில் கொஞ்சம் பணம் வைத்திருப்பது நல்லது. சின்னக் கிண்ணம் லு ரோ ஃபான் பொதுவாக 30 முதல் 50 தைவான் டாலருக்குள் இருக்கும். ஒரு தைவான் டாலர் என்பது மூன்று ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. உலகின் சிப் தொழிற்சாலை என்று பெயர் எடுத்த நாட்டின் தலைநகரில், 150 ரூபாய்க்குள் ஒரு கிண்ணம் சூடான சாப்பாடு!

கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது?

தோலும் கொழுப்புமாக இருக்கும் பன்றிக்கறியைப் பொடியாக நறுக்கி, சோயா சாஸ், அரிசி ஒயின், கற்கண்டு சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவிடுகிறார்கள். வாசனைக்கு அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு. ஆனால் இந்தக் குழம்பின் உண்மையான ரகசியம் பொன்னிறமாகப் பொரித்த சின்ன வெங்காயம். ஆமாம், சாம்பாருக்குப் போடும் அதே குடும்பத்து சின்ன வெங்காயம்தான். அது கரைந்து கொடுக்கிற இனிப்பு இல்லாவிட்டால் லு ரோ ஃபான் வெறும் சோயா சாஸ் சோறு.

கசாப்புக் கடையில் மிஞ்சும் தோலையும் துண்டுகளையும் வாங்கிவந்து, வீட்டில் எல்லோருக்கும் காணும்படி குழம்பாக்கிய ஏழை வீடுகளில் இது பிறந்தது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கதை. யார் முதலில் செய்தார் என்பதற்குப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

சில கடைகளில் சோற்றின் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு முள்ளங்கித் துண்டு இருக்கும். அது ஜப்பானிய ஊறுகாய். தைவான் 1895 முதல் 1945 வரை 50 ஆண்டுகள் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. ஆட்சி போய்விட்டது, ஊறுகாய் தங்கிவிட்டது. ஊறுகாய் மட்டுமல்ல, தைவானில் இன்று அதிகம் சாப்பிடப்படும் குட்டையான, லேசாக ஒட்டும் அரிசி ரகமும் அந்தக் காலத்தில் ஜப்பானிய வேளாண் விஞ்ஞானிகள் அங்கே வளர்த்தெடுத்ததுதான். 1926-ல் அதற்கு 'பெங்லாய்' அரிசி என்று பெயர் வைத்தார்கள்.

அரிசி என்றதும் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. அறுபதுகளில் தஞ்சாவூர் வரை வந்த ஐ.ஆர்.8 நெல்லைப் பற்றி தாத்தா தலைமுறையைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் வெளியிட்ட அந்த நெல்லின் குட்டைத்தன்மை, தைவானின் பழைய நாட்டு ரகம் ஒன்றிலிருந்து வந்தது. கிண்ணத்தில் இருக்கும் பெங்லாய் வேறு, அந்த ரகம் வேறு. ஆனாலும் ஊர் ஒன்றுதான்.

மிஷெலின் கிளப்பிய பஞ்சாயத்து

இப்போது 2011-க்கு வருவோம். மிஷெலின் நிறுவனம் தைவானுக்காக வெளியிட்ட பயண வழிகாட்டிப் புத்தகத்தில், லு ரோ ஃபான் சீனப் பெருநிலத்தின் ஷாண்டோங் மாகாணத்துப் பாணி உணவு என்று எழுதப்பட்டிருந்தது.

காரணம் ஒரு எழுத்து. 'லு' என்றால் சோயா சாஸில் மசாலாவோடு ஊறவைத்துக் கொதிக்கவிடுவது. ஆனால் அந்த எழுத்து எழுதக் கொஞ்சம் கடினம். அதனால் பல கடைக்காரர்கள் பலகையில் அதே உச்சரிப்புள்ள இன்னொரு சுலபமான 'லு'-வை எழுதிவிடுவார்கள். அந்த இரண்டாவது 'லு' ஷாண்டோங் மாகாணத்தின் சுருக்கப் பெயர். உள்ளூரில் எல்லோருக்கும் இது வெறும் எழுத்துப் பிழை என்று தெரியும். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? போர்டில் இருந்ததை அப்படியே நம்பிவிட்டார்கள்.

நம் ஊர் டீக்கடை போர்டுகளில் இல்லாத எழுத்துப் பிழையா? சிரித்துவிட்டுப் போயிருக்கலாமே என்று தோன்றும். தைவானியர்களால் அப்படிப் போக முடியவில்லை. ஏனென்றால் அங்கே பெயர்தான் பிரச்சினையே.

1971-ல் ஐ.நா.வில் இருந்த இடம் மக்கள் சீனக் குடியரசுக்குப் போனது. இன்று தைவானோடு அதிகாரப்பூர்வ உறவு வைத்திருக்கும் நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒலிம்பிக்கில் அவர்கள் வீரர்கள் 'தைவான்' என்ற பெயரில் அணிவகுக்க முடியாது, 'சைனீஸ் தைபே' என்றுதான் அறிவிப்பார்கள். இந்தியாவும் விதிவிலக்கல்ல. ஃபாக்ஸ்கான் போன்ற தைவான் நிறுவனங்கள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தாலும், சென்னையில் 2012 முதல் இயங்கும் தைவான் அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் 'தூதரகம்' என்ற சொல் கிடையாது. 'தைபே பொருளாதார, கலாச்சார மையம்' என்றுதான் இருக்கும்.

சொந்தப் பெயரை இப்படி இடத்துக்கு இடம் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும் மக்களிடம் போய், 'நீங்க தினமும் சாப்பிடுற சோறும் சீனாவோடதுதான்' என்றால்?

அப்படித்தான் மாநகராட்சி 1,000 கிண்ணங்களோடு களத்தில் இறங்கியது. பலகையில் சரியான 'லு'-வை எழுதுங்கள் என்று கடைக்காரர்களையும் கேட்டுக்கொண்டது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அப்போதைய மேயர் ஹாவ் லுங்-பின், சீனப் பெருநிலத்தில் இருந்து தைவானுக்கு வந்த ராணுவத் தளபதியும் முன்னாள் பிரதமருமான ஹாவ் பெய்-ட்சுனின் மகன். கட்சியோ, சீனாவோடு நெருக்கம் வேண்டும் என்று சொல்லும் குவோமிந்தாங். அரசியலில் எந்தப் பக்கம் நின்றாலும், கிண்ணம் விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது என்ற நிலை அதற்குள் வந்துவிட்டிருந்தது.

அப்போ பீஃப் நூடுல்ஸ்?

சீட்டில் அடுத்த வரியில் பெரும்பாலும் 'நியு ரோ மியான்' இருக்கும். மாட்டிறைச்சி நூடுல்ஸ் சூப். இன்று தைவானின் அடையாளம் என்றால் பலரும் இதைத்தான் சொல்வார்கள். தைபே நகரம் 2005-ல் இதற்கென ஒரு திருவிழாவையே தொடங்கியது.

ஆனால் இது உள்ளூர்ப் பழமை கிடையாது. தைவானின் பழைய விவசாயக் குடும்பங்கள் பலவற்றில் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார்கள். வயலில் உழுத மாட்டைச் சாப்பிடுவது நன்றிகெட்ட செயல் என்ற எண்ணம். இன்றும் அதைக் கடைப்பிடிக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள்.

1949-ல் சீன உள்நாட்டுப் போரில் தோற்ற சியாங் கை-ஷெக்கின் அரசு தைவானுக்கு வந்தது. அதோடு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் தாண்டி வந்தார்கள். கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்த ராணுவக் குடும்பங்களுக்காக அவசரமாகக் கட்டிய குடியிருப்புகளில், சிச்சுவான்காரர் வீட்டுக் காரமும் வடக்கத்தியர் வீட்டு நூடுல்ஸும் ஒரே தெருவில் சமைக்கப்பட்டன. 1951 முதல் 1965 வரை வந்த அமெரிக்க உதவியில் கோதுமை மாவு தாராளமாகக் கிடைத்தது. அங்கிருந்து பிறந்ததுதான் காரமான பீன்ஸ் பேஸ்ட் போட்ட இந்த சிவந்த சூப் என்று உணவு வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். சிச்சுவானில் போய் இதே கிண்ணத்தைத் தேடினால் கிடைக்காது. ஊர் திரும்ப முடியாதவர்கள், நினைவில் இருந்ததையும் கையில் கிடைத்ததையும் வைத்துச் செய்த சாப்பாடு இது.

இந்தக் கதையில் ஒரு கசப்பும் உண்டு. அப்படி வந்த அரசுதான் 1949 முதல் 1987 வரை, 38 ஆண்டுகள் ராணுவச் சட்டத்தின் கீழ் தீவை ஆண்டது. பள்ளியில் தைவானிய மொழி பேசிய குழந்தைகளுக்கு அபராதம், தண்டனை. அரசு விருந்துகளில் பெருநிலத்துச் சமையலுக்கே மரியாதை. லு ரோ ஃபான் மாதிரியான உள்ளூர்ச் சாப்பாடு தெருவோரத்துக்கு மட்டும்தான்.

அது மாறியதைப் பலரும் நினைவுகூரும் நாள் ஒன்று உண்டு. 2000-ல் குவோமிந்தாங் கட்சியைச் சேராத முதல் அதிபராக சென் ஷுய்-பியான் பதவியேற்றார். தைனான் பகுதியின் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பதவியேற்பு விருந்தில் வெளிநாட்டு விருந்தினர்களுக்கு முன்னால் வைக்கப்பட்டவை, பால் மீன் உருண்டை சூப்பும் கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்த அரிசிப் பலகாரமும். தைனானில் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடும் அதே அயிட்டங்கள்.

வெஜிடேரியன்கள் என்ன செய்வது?

சின்னக் கடையில் கொஞ்சம் கவனம் தேவை. கீரை என்று ஆர்டர் செய்தாலும் அதன் மேல் இதே கறிக்குழம்பை ஊற்றித் தருவார்கள். அலமாரி முட்டையும் டோஃபுவும் கறிக் குழம்பில் ஊறியிருக்கலாம். ஆனால் தைவானில் பௌத்தம் சார்ந்த சைவப் பழக்கம் வலுவானது. 'சு' என்று எழுதிய கடைகள் எல்லாப் பகுதியிலும் இருக்கும். பல கடைகளின் போர்டில் ஸ்வஸ்திக் சின்னமும் இருக்கும். வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்காத கடைகள் நிறைய. பாக்கெட் உணவுகளில் முட்டை உண்டா, பால் உண்டா, வெங்காயம் பூண்டு உண்டா என்று ஐந்து வகையாகப் பிரித்து எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தக் கடைகளில் காளானை நறுக்கிப் போட்ட சைவ லு ரோ ஃபானும் கிடைக்கும்.

இன்னும் தீராத ஒரு சண்டை

2018-ல் மிஷெலின் தைபேக்கென தனி உணவக வழிகாட்டியை வெளியிட்டது. அதில் மலிவு விலைக் கடைகளுக்கான பட்டியலில் நூடுல்ஸ் கடைகளும் இரவுச் சந்தைத் தள்ளுவண்டிகளும் இடம்பிடித்தன. ஷாண்டோங் விவகாரம் ஒருவழியாக ஆறிப்போனது.

ஆறாதது உள்நாட்டுச் சண்டை. தைபேயில் லு ரோ ஃபான் கேட்டால் பொடியாக நறுக்கிய கறி வரும். ரயிலேறி தெற்கே தைனான், கவோஷியுங் பக்கம் போய் அதே பெயரைச் சொன்னால், சோற்றின் மேல் முழுசாக ஒரு தடித்த கறித்துண்டு வந்து உட்காரும். தைபேக்காரர் எதிர்பார்க்கும் நறுக்கிய கறிக்கு அங்கே 'ரோ ட்சாவ் ஃபான்' என்று வேறு பெயர். தைபேயில் கொடுப்பதெல்லாம் லு ரோ ஃபானே கிடையாது என்று சொல்லும் தெற்கத்திக்காரர்களிடம், 'சரி, எது ஒரிஜினல்?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கிண்ணம் ஆறிவிடும்.