காலில் அடி, சிறுநீரகத்திற்கு ஏன் ஆபத்து?

ஒன்பதாம் வகுப்பில் கழிவுநீக்க மண்டலம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்தான். "சார், எங்கப்பாவுக்கு கால் மேலதான் இரும்பு விழுந்துச்சு. டாக்டருங்க ஏன் சார் மூத்திரத்தையே அளந்துகிட்டு இருக்காங்க?" வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பி வாழும் திருவொற்றியூர், எண்ணூர் பகுதியில் இது பல வீடுகளின் கேள்வி. பாடத்தை அங்கிருந்தே தொடர்ந்தேன்.

முதலில் கரும்பலகையில் ஒரு கணக்கு. இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை அனுப்புகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1 லிட்டர், சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. நிமிடத்திற்கு 125 மி.லி. வடிகட்டப்பட்டால் ஒரு நாளைக்கு எவ்வளவு? மாணவர்களே பெருக்கி 180 லிட்டர் என்றார்கள். அதில் சிறுநீராக வெளியேறுவது சுமார் ஒன்றரை லிட்டர்தான். மீதியை நுண்குழல்கள் மீண்டும் உறிஞ்சுகின்றன.

பலத்த காயத்தில் இரத்தம் இழந்தால், உடல் மூளையையும் இதயத்தையும் காக்கச் சிறுநீரக இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. வடிகட்டும் அழுத்தம் குறைகிறது. ஆக்சிஜன் கிடைக்காமல் நுண்குழல் செல்கள் சேதமடைகின்றன.

நசுங்கிய தசையால் இன்னொரு ஆபத்து. பாரத்தை அகற்றியதும் இரத்தம் மீண்டும் பாய்ந்து, தசையிலிருந்து மயோகுளோபினையும் பொட்டாசியத்தையும் அடித்துவருகிறது. மயோகுளோபின் நுண்குழல்களை அடைக்கிறது. பொட்டாசியம் மிகுந்தால் இதயமே நின்றுவிடலாம். இரண்டாம் உலகப்போரில் லண்டனில் குண்டுவீச்சு இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்ட சிலர், சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். பைவாட்டர்ஸ், பீல் என்ற மருத்துவர்கள் 1941-இல் இதை விவரித்து எழுதினர்.

ஆகவேதான் சிறுநீரை அளக்கிறார்கள். சிறுநீரகத்திற்குப் போதிய இரத்தம் போகிறதா, அது வேலை செய்கிறதா என்பதை அந்த அளவு காட்டுகிறது. நரம்பு வழியே உடனே திரவம் ஏற்றினால் பலரைக் காக்கலாம். நுண்குழல் செல்கள் மீண்டும் வளரக்கூடியவை. அதுவரை டயாலிசிஸ் கைகொடுக்கும். அந்த மாணவனின் தந்தையும் சில முறை டயாலிசிஸ் செய்தபின் தேறி வீடு திரும்பினார்.

பாடத்தின் முடிவில் நான்கு செய்திகளை எழுதிப் போட்டேன். 108-ஐ உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு நேரம் சிக்கியிருந்தார் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ, டீ டிகாஷன் நிறத்தில் போனாலோ தாமதிக்கக் கூடாது. வலி மாத்திரையை நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. சில மாத்திரைகள் சிறுநீரக இரத்த ஓட்டத்தை மேலும் குறைக்கும்.

உங்கள் வகுப்பிலும் இந்த நான்கையும் சொல்லுங்கள். பிள்ளைகள் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள்.