செங்குத்துத் தாண்டல் திறன்: வயது, பால் வேறுபாடுகள்

செங்குத்துத் தாண்டல் என்பது ஓடிவராமல், நின்ற இடத்திலிருந்தே நேர்மேலாக எழும்புவதாகும். கால் தசைகளின் வெடிப்புத்திறனை அறிய உதவும் எளிய சோதனை இது. அமெரிக்க உடற்கல்வியாளர் டட்லி சார்ஜென்ட் 1921ஆம் ஆண்டில் இதை விளக்கி எழுதியதால் 'சார்ஜென்ட் தாண்டல்' என்றும் அழைக்கப்படுகிறது.

அளக்கும் முறை

மாணவர் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். குதிகால்கள் தரையில் பதிந்திருக்க, உயர்த்திய கை தொடும் இடம் முதலில் குறிக்கப்படும். பின்னர் விரல் நுனியில் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு, முழங்கால்களை மடக்கித் தாண்டி, உச்சியில் சுவரைத் தொட வேண்டும். இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரமே தாண்டல் உயரம். நின்றபடி எட்டும் உயரம் கழிக்கப்படுவதால், நெட்டையாக இருப்பது மட்டுமே ஒருவருக்கு அனுகூலம் ஆகாது.

தரையை விட்டு எழும் வேகமே உயரத்தைத் தீர்மானிக்கிறது. உடலின் புவியீர்ப்பு மையம் 10 செ.மீ. உயர நொடிக்கு 1.4 மீட்டர் வேகம் போதும், 40 செ.மீ. உயர 2.8 மீட்டர் வேகம் தேவை. அதாவது, வேகம் இரு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகும்.

பருவமடைவதற்கு முன்

இக்காலத்தில் வயது கூடக்கூட இருபாலருக்கும் தாண்டல் உயரம் கூடுகிறது. தசை வளர்ச்சியுடன், கை கால் அசைவுகளை நரம்பு மண்டலம் ஒருங்கிணைக்கும் திறனும் மேம்படுவதே காரணம். சராசரியில் சிறுவர், சிறுமியரிடையே வேறுபாடு சிறிதே.

பருவமடையும்போது

சிறுமியரின் விரைவு வளர்ச்சி ஏறத்தாழ 12 வயதிலும், சிறுவரின் விரைவு வளர்ச்சி ஏறத்தாழ 14 வயதிலும் உச்சத்தை அடைகிறது. சிறுவரிடம் டெஸ்டோஸ்டிரோன் இயக்குநீர் பெருகித் தசைத் திரளைக் கூட்டுகிறது. சிறுமியரிடம் ஈஸ்ட்ரோஜன் இயக்குநீரின் விளைவாக உடற்கொழுப்பின் விகிதம் உயர்கிறது. தாண்டும்போது தூக்க வேண்டிய சுமை தன் உடலே என்பதால், எடைக்கு ஏற்ற தசை வலிமை இங்கு முக்கியமாகிறது. எனவே சிறுவரின் திறன் பதின்பருவம் முழுவதும் உயர, சிறுமியரின் முன்னேற்றம் பதின்பருவத்தின் நடுவில் மெதுவாகிறது. வளர்ந்தோருக்கான கைப்பந்து வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர் என வேறுபடுவதற்கு, உடல் உயரத்துடன் இத்திறன் வேறுபாடும் ஒரு காரணம்.

கவனிக்க வேண்டியவை

இவை சராசரிகள் மட்டுமே. பயிற்சி பெற்ற மாணவியர் பலர், பயிற்சியற்ற மாணவரைவிட உயரமாகத் தாண்டுவர். ஒரே வகுப்பில் படிக்கும் 13 வயது மாணவர் இருவரில் ஒருவர் பருவமடைந்தும், மற்றவர் அடையாமலும் இருக்கலாம். ஒருநாள் அளவை மட்டும் பார்த்து அணிக்கு ஆள் எடுத்தால், தாமதமாக வளரும் திறமைசாலி விடுபட்டுப்போவார்.

மாணவியரின் முன்னேற்றம் மெதுவாவது இயல்பே ஆயினும், அது அவர்களது திறனின் எல்லையன்று. வலிமைப் பயிற்சியும் தாண்டல் பயிற்சியும் இருபாலருக்கும் பயன் தருகின்றன. பருவமடைந்த பின் கூடைப்பந்து போன்ற விளையாட்டுகளில் முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் காயமுறும் வாய்ப்பு மாணவியருக்கே அதிகம். ஆகவே முழங்கால்கள் உட்புறம் சாயாமல், மடக்கியபடி மெதுவாகத் தரையிறங்கவும் கற்பிக்க வேண்டும்.

ஒரு மாணவரின் அளவை அவரது முந்தைய அளவுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே இச்சோதனையைப் பயன்படுத்தும் நல்ல வழியாகும்.