பழகியது உடலா, கிருமியா?

நுண்ணுயிர்க்கொல்லி மருந்து சில வேளைகளில் பலன் தராமல் போவது ஏன்? வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கிடைக்கும் பதில், “உடல் மருந்துக்குப் பழகிவிடும்” என்பதுதான். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா? அப்படியென்றால், பிறந்து மூன்றே நாளான ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். தன் வாழ்நாளில் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத குழந்தை அது. அதற்குக் கொடுக்கும் முதல் மருந்தே தோற்றுப்போவது உண்டு. பழகியது அதன் உடலாக இருக்க முடியுமா?

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தின் அருகில்தான் கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனை இருக்கிறது. கே.கே. என்பது ‘கண்டாங் கெர்பாவ்’ என்பதன் சுருக்கம். மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள். தேக்கா வட்டாரத்தில் மாடுகள் கட்டியிருந்த காலத்துப் பெயர் அது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அந்த மருத்துவமனையில் 39,835 பிரசவங்கள் நடந்தன. நாளுக்குச் சராசரியாக 109. உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள், “நான் கேகேயில் பிறந்தவள்” என்று யாராவது சொல்லக்கூடும்.

மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் இருக்கும் மொத்த ரத்தம் ஏறத்தாழ 250 மில்லிலிட்டர். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நீங்கள் வாங்கும் ஒரு பாக்கெட் பானத்தின் அளவுதான். தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் சேயை அடைகின்றன. குறைமாதத்தில் பிறந்தால் அந்தச் சேமிப்பும் குறைவு. இப்படிப்பட்ட ரத்தத்தில் பாக்டீரியா புகுந்தால் அடையாளம் காண்பது கடினம். காய்ச்சல்கூட வராமல் இருக்கலாம். உடல் சில்லிட்டுப் போகும், பால் குடிக்காது, அழவும் தெம்பிருக்காது.

மருத்துவர்கள் ஒரு மில்லிலிட்டர் அளவு ரத்தம் எடுத்து, கிருமி வளரும் ஊட்டக் கரைசலில் விடுவார்கள். கிருமி எது, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரிய இரண்டு மூன்று நாள்கள் ஆகலாம். குழந்தைக்கோ அவ்வளவு நேரமில்லை. ஆகவே, கிருமி எதுவென்று தெரியாமலேயே சிகிச்சை தொடங்கும். ஆம்பிசிலின் அல்லது பென்சிலினுடன் ஜென்டாமைசின் என்பது உலகச் சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைக்கும் கூட்டு. கிருமி அவற்றுக்கு அடங்காவிட்டால் பொன்னான நேரம் வீணாகிவிடும்.

2011 முதல் 2014 வரை டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது. அங்கு ரத்தத்தில் கிருமி உறுதிசெய்யப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்துவிட்டனர். மிகுதியாகக் காணப்பட்ட அசினெட்டோபேக்டர் கிருமிகளில் 82 விழுக்காடு பல மருந்துகளுக்கு அடங்காதவை. பின்னர் 2018 முதல் 2020 வரை 11 நாடுகளில் 3,200க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்த மற்றோர் ஆய்வில், மருத்துவர்கள் 200க்கும் மேற்பட்ட மருந்துக் கூட்டுகளைப் பயன்படுத்தியது தெரியவந்தது. பழைய மருந்துகளை நம்ப முடியாமல் தடுமாறியதன் அடையாளம் அது.

சரி, கிருமி எப்படி மாறுகிறது? கணிப்பானை எடுங்கள். சாதகமான சூழலில் ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். பத்து மணி நேரத்தில் 30 முறை. 2இன் 30ஆம் அடுக்கு ஒரு பில்லியனுக்கும் மேல். இத்தனை முறை டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது சில இடங்களில் பிழை நேரும். அப்படி ஒரு பிழையால் ஏதோ ஒரு பாக்டீரியா மருந்தைத் தாங்கக்கூடும். மருந்து மற்றவற்றைக் கொன்றபின் அது மட்டும் பெருகும். மருந்து அந்த மாற்றத்தை உருவாக்கவில்லை, தேர்ந்தெடுத்தது.

இன்னொரு வழியும் உண்டு. பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையத்தை ஒரு பாக்டீரியா பக்கத்திலிருக்கும் வேறு இனத்துக்கும் கொடுக்கும். ஒருவர் செய்த வீட்டுப்பாடம் வகுப்பு முழுவதும் கைமாறுவது போலத்தான்! என்டிஎம்-1 என்ற நொதியை உண்டாக்கும் மரபணு அப்படிப் பரவியது. கடைசிக் கட்ட மருந்துகளான கார்பபெனம்களையே இந்த நொதி சிதைத்துவிடும். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பல நாட்டு ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அந்த மரபணு இருந்ததைக் காட்டியது. அதே மரபணு பிரிட்டனிலும் இருந்தது. கிருமிக்குக் கடப்பிதழ் தேவையில்லை. 2012இல் இந்திய மருத்துவ அமைப்புகள் கூடி, இந்த மருந்துகளைக் கட்டுப்பாட்டுடன் பயன்படுத்த வேண்டும் என்று ‘சென்னைப் பிரகடனம்’ செய்தன.

சிங்கப்பூர் 2017இல் இதற்கான தேசியச் செயல்திட்டத்தை வகுத்தது. சிராங்கூன் சாலை மருந்துக்கடையிலும் மருத்துவரின் சீட்டு இல்லாமல் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை வாங்க முடியாது. ஆனால், ஊரிலிருந்து திரும்பும்போது பெட்டிக்குள் வரும் மாத்திரை அட்டையை, ‘தம்பிக்கு ஆகட்டும்’ என்று எடுத்துவைத்த மிச்ச மாத்திரையைச் சட்டம் எட்டிப் பார்க்காது. அங்கே நீங்கள்தான் பேச வேண்டும். சளி, ஃபுளூ கிருமிகள் வைரஸ். அவற்றை இந்த மருந்து ஒன்றும் செய்யாது. ஆனால், உங்கள் குடலில் வாழும் பாக்டீரியாக்களிடையே மருந்தைத் தாங்குபவற்றை அது வளர்த்துவிடும். அவை கை வழியாக வேறொருவரை அடையலாம்.

அடுத்த முறை உறவினர் வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகும்போது, கன்னத்தைத் தொடுவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். சளி பிடித்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். பழகிக்கொள்வது உடல் அன்று, கிருமிதான் மாறுகிறது என்பதைத் தேர்வில் சரியாக எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். வீட்டில் எடுத்துச் சொன்னால், இன்னும் பெயர்கூட வைக்காத ஒரு குழந்தைக்கு அதன் முதல் மருந்து வேலை செய்யக்கூடும்.