காசநோய் ஒழிப்பில் கருவியும் மனசாட்சியும்: ஆரோக்கியவரம் தரும் பாடம்

புது தில்லி: காசநோயாளிகளைத் தேடிக் கண்டறிய மத்திய அரசு 2024 டிசம்பர் 7-ல் தொடங்கிய 100 நாள் இயக்கத்தில், கையில் எடுத்துச் செல்லக்கூடிய எக்ஸ்ரே கருவிகள் கிராமங்களுக்குச் சென்றன. படத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளே படித்து, நுரையீரலில் சந்தேகத்துக்குரிய மாற்றம் உண்டா என்று சொல்லும் முறையும் பயன்பாட்டுக்கு வந்தது. 15 வயது நிரம்பியோரைப் பரிசோதிக்க இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்திருந்தது.

இயக்கம் நடந்துகொண்டிருந்தபோதே, 2025 ஜனவரி 28-ல் வாடிகன் ஓர் ஆவணத்தை வெளியிட்டது. "ஆன்டிகுவா எட் நோவா", அதாவது "பழையதும் புதியதும்" என்பது அதன் பெயர். செயற்கை நுண்ணறிவை கிறிஸ்தவ நெறி எவ்வாறு அணுக வேண்டும் என்பதே அதன் பொருள். நோயைக் கண்டறிய இயந்திரம் உதவலாம். ஆனால் மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவின் இடத்தை அது எடுத்துக்கொள்ளக் கூடாது, வசதி படைத்தோருக்கு மட்டுமான மருத்துவமாகவும் ஆகிவிடக் கூடாது என அது எச்சரிக்கிறது.

இக்கேள்விகள் புதியவை அல்ல. எக்ஸ்ரே கருவியுடனும் தடுப்பூசியுடனும் இவற்றை முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே எதிர்கொண்ட கிறிஸ்தவ மருத்துவமனை ஒன்று ஆந்திரத்தில் உள்ளது.

மதனப்பள்ளியின் மலையடிவாரத்தில்...

திருப்பதிக்கு மேற்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் உள்ளது மதனப்பள்ளி. 2022-ல் மாவட்டங்கள் பிரிக்கப்படும்வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர்; 1953 வரை சென்னை மாகாணத்தின் பகுதி.

இங்கு பல புராட்டஸ்டண்ட் மிஷன்கள் கூட்டாக நிறுவிய காசநோய் மருத்துவமனை 1915-ல் திறக்கப்பட்டது. அது அமைந்த இடத்துக்கு ஆரோக்கியவரம் என்று பெயரிடப்பட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃபிரிமோட் மோலர் அதன் முதல் தலைமை மருத்துவர்.

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே சிகிச்சை. நோய் வெளியில் தெரிந்தால் உற்றாரும் விலகிய நிலையில், மாதக்கணக்கில் உடனிருந்து பராமரித்த இடம் என்பதே அதன் முதல் பெருமையாக இருந்தது.

ஊசியும் எதிர்ப்பும்

சுதந்திரத்துக்குப் பின் மத்திய அரசு பி.சி.ஜி. தடுப்பூசியைக் கொண்டுவந்தது. தடுப்பூசி தயாரிக்கும் கூடம் சென்னை கிண்டியில் அமைந்தது. 1948-ல் முன்னோட்டமாக ஊசி போடப்பட்ட இடங்களில் மதனப்பள்ளியும் ஒன்று. அப்போது மத்திய சுகாதார அமைச்சராக இருந்த ராஜகுமாரி அம்ருத் கௌரும் கிறிஸ்தவரே. 1951-ல் நாடு தழுவிய இயக்கமாக அது விரிந்தது.

எதிர்ப்பு சென்னையிலிருந்து வலுத்தது. 1955-ல் ராஜாஜி, தாம் பி.சி.ஜி.யை ஏன் எதிர்க்கிறேன் என்று விளக்கித் தனி நூலே வெளியிட்டார். வீரியம் குறைக்கப்பட்டதேயானாலும் உயிருள்ள கிருமியை, நோயற்ற குழந்தைகளின் உடலில் நாடெங்கும் செலுத்துவது முறையா என்பது அவரது வாதத்தின் சாரம். அறிவியலுக்கு எதிரான பேச்சு என்று சிலர் அதை ஒதுக்கினர். ஆனால் பலன் உறுதியாகாத ஒன்றை மக்கள் மீது பெருமளவில் பயன்படுத்தலாமா என்ற கேள்வி அதில் இருந்தது.

கணக்கு சொன்னது

அக்கேள்விக்கு விடை தேடும் பணி ஆரோக்கியவரத்தில் முன்னரே தொடங்கியிருந்தது. யோஹான்னஸ் ஃபிரிமோட் மோலர் தலைமையில் ஆய்வுக் குழுவினர் மதனப்பள்ளியிலும் சுற்றியிருந்த கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்றனர். தோல் பரிசோதனையும் எக்ஸ்ரே பரிசோதனையும் நடந்தன. 1950 முதல் 1955 வரை ஒரு பிரிவினருக்கு ஊசி போடப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு பிரிவினருக்குப் போடப்படவில்லை. பல ஆண்டுகள் இரு பிரிவினரையும் தொடர்ந்து கவனித்தனர்.

மனிதர்களிடம் நடத்தப்படும் மருத்துவ ஆய்வுகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனம் வந்ததே 1964-ல்தான். ஊசி போடாமல் ஒரு பிரிவினரை விட்டுவைப்பது இன்றைய கண்ணுக்கு உறுத்தலாம். ஊசி பயன் தருமா என்பதே தெரியாத நிலையில் அனைவருக்கும் போட்டுவிடுவதும் ஒரு சோதனைதான். கணக்கு வைக்காத சோதனை.

1973-ல் வெளியான நான்காவது அறிக்கையின்படி, ஊசி போட்டுக்கொண்ட 5,069 பேரில் 33 பேருக்கும், போடாத 5,808 பேரில் 47 பேருக்கும் நோய் வந்தது. பாதுகாப்பு எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. பின்னர் செங்கல்பட்டில் நடந்த மாபெரும் ஆய்வில் வேறுபாடே தெரியவில்லை: தலா 88,391 பேர் கொண்ட இரு பிரிவுகளில் நோயுற்றோர் முறையே 505, 499. குழந்தைகளைத் தாக்கும் கடுமையான மூளைக் காசநோயைத் தடுப்பதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடப்படுகிறது. எனினும் பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது அடக்கிவிடும் என்ற நம்பிக்கை பொய்த்தது.

ஆக, ராஜாஜியின் ஐயம் முற்றிலும் வீணல்ல. ஊசியும் முற்றிலும் வீணல்ல. இதைத் தெளிவாக்கியது, கிராமத்து வீடுகளுக்கு மீண்டும் மீண்டும் சென்று திரட்டிய விவரமும், பாதகமான முடிவையும் மறைக்காத நேர்மையுமே.

இதற்கிடையே 1959-ல் வெளியான சென்னை ஆய்வு, மாத்திரைகளை வீட்டிலிருந்தே உட்கொண்டாலும் மருத்துவமனையில் தங்கியவருக்கு இணையாகக் குணமடையலாம் என்று நிரூபித்தது. மாதக்கணக்கில் தங்கவைக்கும் காசநோய் மருத்துவமனைகளின் தேவையே கேள்விக்குள்ளானது. ஏழை நோயாளிக்கு அதுவே பெரும் நன்மை. ஆரோக்கியவரமும் காலப்போக்கில் பொது மருத்துவமனையாக மாறி, ஆரோக்கியவரம் மருத்துவ மையம் என்ற பெயரில் இயங்குகிறது.

எண்ணெயும் இரண்டு காசும்

மிஷன் மருத்துவமனைகள் தம் பணிக்கு முன்மாதிரியாகக் கொள்வது விவிலியத்தின் நல்ல சமாரியன் கதையை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் அவன் எண்ணெயும் திராட்சை ரசமும் வார்த்தான். அக்காலத்தில் கிடைத்த மருந்து அதுவே. அத்துடன் அவன் போய்விடவில்லை. சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்கு இரண்டு காசு கொடுத்தான், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். கருவியை கிறிஸ்தவ நெறி மறுப்பதில்லை. கருவியோடு கடமை முடிந்தது என்பதையே மறுக்கிறது.

2025 மே மாதம் பொறுப்பேற்ற போப் 14-ம் லியோ, தம் பெயர்த் தேர்வுக்குக் கூறிய விளக்கத்திலும் இதன் எதிரொலி உண்டு. தொழிற்புரட்சியில் நசுங்கிய தொழிலாளர்களுக்காக 1891-ல் குரல் கொடுத்த 13-ம் லியோவை நினைவுகூர்ந்த அவர், செயற்கை நுண்ணறிவு மனித மாண்புக்கும் நீதிக்கும் உழைப்புக்கும் புதிய சவால்களை விடுக்கிறது என்றார்.

யார் கதவைத் தட்டுவது?

காசநோயை 2025-க்குள் ஒழிப்பது என்று 2018 மார்ச்சில் தில்லி மாநாட்டில் இலக்கு அறிவிக்கப்பட்டது. அது எட்டப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-ல் இந்தியாவில் சுமார் 28 லட்சம் பேரை நோய் தாக்கியது. உலக அளவில் இது 26 சதவீதம்.

இந்நிலையில் விரைந்து படம் படிக்கும் மென்பொருளை வேண்டாமென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது "சந்தேகம்" என்று குறித்த பிறகு சளிப் பரிசோதனை, மாதக்கணக்கில் மாத்திரை, சத்துணவு என நீளும் பாதையில் நோயாளியுடன் நடக்க மனிதர் வேண்டும். நோயாளிகளுக்கு மாதம் ரூ.500 என்று 2018-ல் தொடங்கிய உணவு உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் ரூ.1,000 ஆனது இதை உணர்ந்தே.

நோயாளியின் விவரங்கள் இப்போது "நிக்ஷய்" கணினிப் பதிவேட்டில் ஏறுகின்றன. காசநோய் என்று தெரிந்தாலே திருமணம் தடைபடும், வேலை பறிபோகும் என்ற அச்சம் நீங்காத சமூகத்தில், அந்த விவரத்தை யார் பார்க்கலாம் என்பதும், அது குறித்து நோயாளிக்கு அவர் மொழியில் விளக்கப்பட்டதா என்பதும் சிறிய கேள்விகள் அல்ல.

மதனப்பள்ளியின் கிராமங்களில் அன்று கருவியோடு மனிதர் சென்றனர், மீண்டும் வந்தனர், கண்டதை உள்ளபடி எழுதினர். இன்று கருவி பன்மடங்கு கூர்மையாகிவிட்டது. அது காட்டிய வீட்டின் கதவை, அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் தட்டுவதற்கு ஆள் இருக்கிறார்களா என்பதில்தான் அதன் பயன் அடங்கியுள்ளது.